பெரணியில் கண்ட மாதொருபாகன்

குற்றாலநாதரைக் கருவறையில் மட்டுமே கண்டேன் என்றால் அது பொய். ஆடிச் சாரலில் செண்பகாதேவி அருவிக்கு ஏறும் பாதையோரம், ஒரு பெரணி இலையின் முதுகிலும் கண்டேன்.

இலையைத் திருப்பினால் வரிசை பிசகாத பழுப்புப் புள்ளிகள். பூச்சி முட்டை என்று கிள்ளி எறிவோர் உண்டு. ஒவ்வொரு புள்ளியும் நுண்ணிய பைகளின் கூட்டம். பை ஒன்றில் பெரும்பாலும் 64 வித்துகள். பையைச் சுற்றிய வளையத்தில் நீர் வற்ற வற்ற, வளையம் பின்னுக்கு வளைந்து பையைப் பிளக்கிறது. இழுப்புத் தாங்காமல் உள்ளிருக்கும் நீர் அறுந்து குமிழி பிறந்ததும், கவண்போலச் சட்டென்று திரும்பி வித்துகளைக் காற்றில் வீசுகிறது. அப்பனே, உன் கை அங்கேயும் ஓயவில்லையே!

ஈரப் பாறையில் விழுந்த வித்து நேரே பெரணியாவதில்லை. விரல்நகத்தைவிடச் சிறிய, இதய வடிவப் பச்சைத் தகடாகிறது. அதன் அடிப்பக்கத்தை உருப்பெருக்கியில் பாருங்கள்: மேல்பிளவை ஒட்டிப் பெண் உறுப்புகள், கீழே வேரிழைகளுக்கு நடுவே ஆண் உறுப்புகள். திருச்செங்கோட்டில் மாதொருபாகனாக நிற்பவன் இங்கே பாறையோடு ஒட்டிக் கிடக்கிறான்! எனக்கு மெய் சிலிர்த்தது, கண் நிறைந்தது. மெல்லிய நீர்ப்படலம் போதும், சுருண்ட ஆணணு நீந்திப் போய்ப் பெண்ணணுவோடு கலக்கும். பிறகுதான் நாம் அறிந்த பெரணி தலைதூக்கும்.

இப்படி இரு தலைமுறைகள் மாறி மாறி வருவதை 1851-இல் ஜெர்மானியரான வில்லெல்ம் ஹாஃப்மைஸ்டர் விளக்கினார். பூக்கும் செடிகளில் அந்தப் பச்சைத் தகட்டின் தலைமுறையை மகரந்தத்துக்குள்ளும் சூலுக்குள்ளும் ஒளித்துவிட்டான் இறைவன். செண்பகப் பூவுக்கு நீந்த நீர் வேண்டாம். மகரந்தம் குழாய் நீட்டி இரண்டு ஆணணுக்களைச் சூலுக்குள் சேர்க்கிறது. ஒன்று கலந்து கருவாகிறது. மற்றொன்று கலந்து அந்தக் கருவுக்கு உணவாகிறது. ரஷ்யரான செர்கெய் நவாஷின் 1898-இல் லில்லிப் பூவில் இதைக் கண்டறிந்தார். பிள்ளையையும் அதற்குப் பாலையும் ஒரே வேளையில் படைக்கும் தாயுமானவனே! சோற்றிலும் தேங்காயிலும் நாங்கள் உண்பது, நெல்லின் பிள்ளைக்கும் தென்னையின் பிள்ளைக்கும் நீ வைத்த அந்த உணவைத்தானே!

மலைக்கோயிலுக்குப் போகும் அடியார்களே, ஈரப் பாறையில் ஒட்டியிருக்கும் பச்சையைக் காலால் தேய்க்காதீர்கள், அதன்மேல் சூடம் ஏற்றாதீர்கள். அங்கே அம்மையும் அப்பனும் ஓருடலாக இருக்கிறார்கள்.