உள்ளிருந்தே அறியலாமா?

உலகை விட்டு வெளியே நின்றால்தான் அதன் வடிவம் தெரியுமா? வடிவகணித வகுப்பில் நான் முதலில் கேட்பது இதைத்தான். தாளில் முக்கோணம் வரைந்து, குழலாகச் சுருட்டிக் காட்டுவேன். கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையாகவே இருக்கும். பார்வைக்கு வளைந்தாலும் தாள் தன்னளவில் தட்டைதான்.

அடுத்து பூகோள உருண்டை. வடதுருவத்திலிருந்து, 90 பாகை இடைவெளியில், இரண்டு தீர்க்கரேகைகள் வழியே நூலை இழுத்துப் பிடித்து நிலநடுக்கோட்டோடு சேர்த்தால் மூன்று மூலையும் செங்கோணம், மொத்தம் 270. மிகுந்த அந்த 90 பாகையே வளைவுக்குச் சாட்சி.

பரப்பை விட்டு எழும்பாமல் அளந்தே இவ்வளைவை அறியலாம் என்று 1827-இல் கணிதவியலாளர் காஸ் நிறுவினார். குழல் சுருண்டிருப்பதோ அந்த அளவையில் சிக்காது. ஆக, உள்ளிருப்பவருக்கு எல்லாம் தெரியாது. ஆனால் கடவுளின் பார்வை இல்லாமல் எதுவுமே தெரியாது என்பது வெறும் சோம்பல்.