பொம்மலாட்டம் பழக்கலாமா?

எம் பிள்ளைகளுக்கு, இங்கே லாச்சப்பலில், வார இறுதிப் பொழுதுபோக்காகப் பொம்மை செய்யப் பழக்கினால் பரம்பரைக் கலைஞரின் பிழைப்புக் கெடாதா என்று சில அன்பர்கள் கேட்கின்றனர்.

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து மரப்பொம்மை 4½ அடி உயரமும் 10 கிலோ எடையும் வரை இருக்கும். ஆட்டுபவர் தலையில் அணியும் இரும்பு வளையத்திலேயே அதன் கயிறுகள் கட்டப்படும். கைகளைக் கம்பிகள் அசைக்கும். அந்தப் பாரத்தைக் கழுத்துத் தாங்க ஆண்டுகள் செல்லும். கடதாசியும் துணியும் ஒட்டுகிற சிறுவர் இவருக்கு என்ன போட்டி?

லியோனில் 1808 அளவில் கிஞோல் பொம்மையைப் படைத்த லோரான் மூர்கே பல் பிடுங்கிப் பிழைத்தவர். பிறப்பைக் கேட்டுக் கதவடைப்பது முறையன்று. ஆனால் எங்கள் கடதாசிப் பொம்மையை 'தஞ்சாவூர்ப் பொம்மலாட்டம்' என்று மேடையில் அறிவிப்பது பொய். அந்தப் பெயர் வேண்டுமென்றால் அங்கிருந்து ஒருவரை அழைத்து, வழிச்செலவோடு உரிய சம்பளமும் கொடுத்துப் பழகுவோம். பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்பக் கூடாது.