குடிப்பெயரும் உயிரும்

ஒருவரை மற்றொருவரினின்று பிரித்தறிதற்பொருட்டு இடப்படுவது இயற்பெயர். ஒருவரை ஒரு கூட்டத்தோடு சேர்த்தறிதற்பொருட்டு ஏற்கப்படுவது குடிப்பெயர். முன்னது பிரிப்பது, பின்னது பிணைப்பது. பிணைப்பது யாதாயினும் அஃது உயிர்க்கு ஆக்கமோ தளையோ என்று வினவுதல் மெய்ப்பொருள் நாடுவார்க்குக் கடனாகலின், குடிப்பெயரின் தோற்றத்தையும், அதன்மேல் மக்கள் வைத்த பெருமையையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

குடிப்பெயர்கள் பெரும்பாலும் ஊர், தொழில், தந்தை பெயர், உடற்குறி என்பன பற்றி எழுந்தனவாம். நம் சங்கப் புலவர் பெயர்களை நோக்குக. கோவூர் கிழார் என்பதில் ஊரும், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பதில் ஊரோடு தொழிலும், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதில் அவற்றோடு மகன்மை முறையும் விளங்குகின்றன. இவை வழிவழி வந்த குடிப்பெயர்கள் அல்ல. எனினும், பிற நாடுகளிற் குடிப்பெயராய் உறைந்தவை இத்தகைய அடைமொழிகளே. ஆங்கிலத்தில் ஸ்மித் என்பது கொல்லன் என்றும், ஜான்சன் என்பது ஜானின் மகன் என்றும் பொருள்படும். உலைக்களத்தைக் கண்ணாலும் காணாதவர் இன்று ஸ்மித் எனப்படுகின்றனர். பொருள் நீங்கியபின்னும் ஓசை நின்றது என்க.

இனி, அரசாணையாற் பிறந்த குடிப்பெயர்களும் உள. ஜப்பானியப் பொதுமக்கள் குடிப்பெயர் கொள்ளுதற்கு 1870-இல் இசைவு பெற்றனர். 1875-இல் அஃது யாவர்க்கும் கட்டாயமாயிற்று. துருக்கி நாட்டில் 1934-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று விதித்தது. ஆண்டு குறித்து நாம் சொல்லத்தக்க அண்மையிற் பிறந்த ஒரு பெயரையும், சில தலைமுறை கழிந்தபின், தொன்றுதொட்டு வந்ததென்றே அதனையுடையார் கருதுதல் இயல்பு. ஆகவே, தொன்மை பற்றிய செருக்குப் பலவிடத்தும் மறதியின் பயனேயாம்.

உரோம நாட்டுச் செய்தி இரண்டு ஈண்டு நோக்கத்தக்கன. சிசரோ என்னும் நாவலரின் குடிப்பெயர் கடலையைக் குறிக்குஞ் சொல்லினின்று வந்தது. அரசியலிற் புகுங்கால் அதனை விட்டுவிடுமாறு நண்பர் கூற, அப்பெயரைப் பெருங்குடிப் பெயர்களினும் புகழுடையதாக்க முயல்வேன் என்று அவர் மறுமொழி பகர்ந்ததாகப் புளூட்டார்க் எழுதியுள்ளார். பெயரால் அவர் உயர்ந்திலர். அவரால் பெயர் உயர்ந்தது. மற்றொன்று: அவர்க்கு அடிமையாயிருந்த தைரோ கி.மு. 53-இல் விடுதலை பெற்றபோது, அந்நாட்டு வழக்கின்படி, தலைவரின் குடிப்பெயரைத் தாங்கி மார்க்கஸ் துல்லியஸ் தைரோ ஆயினார். அடிமைத்தளை அற்ற அன்றே ஆண்டவன் குடியின் பெயர் ஒட்டிக்கொண்டது. எனவே, குடிப்பெயர் எல்லார்க்கும் குருதிவழிச் சான்றாகாது. சிலர்க்கு அது பிறரால் ஆளப்பட்ட வடுவுமாம்.

தமிழ்நாட்டிலோ, பிள்ளை, முதலியார் முதலாயின முதற்கண் மதிப்பும் தலைமையும் குறித்து வழங்கிப் பின்னர்ச் சாதிப்பெயராய் இறுகின. 1929-இற் செங்கற்பட்டிற் கூடிய சுயமரியாதை மாநாடு இத்தகைய பட்டங்களைக் களைக என்றது. இன்று தமிழர் பலர் தந்தை பெயரின் முதலெழுத்தொன்றையே தம் பெயர்முன் இடுகின்றனர். தந்தையை நினைப்பிக்கும் அவ்வெழுத்து மகன் காலத்தே மாறிவிடுகின்றது.

அற்றேல், முன்னோர் பெயரை விடுதல் நன்றி மறத்தல் ஆகாதோ எனின், ஆகாது. முன்னோர்க்கு நாம் பட்ட கடன் அவர்தம் நல்லொழுக்கத்தைத் தொடர்தலாற் கழிவதன்றி, அவர் பெயரைச் சொல்லிப் பிறரைத் தாழ்த்துதலாற் கழியாது. அன்றியும், உயிர் எண்ணில் பிறவிகள் எடுத்து வந்ததென்பது நம் சித்தாந்தம். அப்பிறவிதோறும் ஒரு குடியும் ஒரு பெயரும் இருந்தன அல்லவோ? அவற்றுள் எது உயிர்க்கு உரியது? இன்று நாம் இழித்துரைக்குங் குடி நேற்று நாம் பிறந்த குடியாயிருத்தலுங் கூடும். உடலோடு வந்தது உடலோடு கழியும். அதனை உயிரின்மேல் ஏற்றிச் செருக்குதல் ஆணவத்தின் செயலே.

எனினும், பெயரே வேண்டா என்பதன்று எம் கருத்து. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பாகலின், அது சாரவேண்டியது யாது என்பதே வினா. இதற்கு விடையாய் நிற்பவர் திங்களூர் அப்பூதியடிகள். அந்தணராகிய அவர், வேளாளராகிய திருநாவுக்கரசரைக் காணாமுன்னரே, தம் புதல்வர்க்கும், தண்ணீர்ப்பந்தர்க்கும், பசுக்களுக்கும், அளவைகளுக்குங்கூட அப்பெயரையே இட்டனரென்று சேக்கிழார் அருளினார். நாவரசர் தோன்றிய குடி குறுக்கையர் குடி. அக்குடிப்பெயரை அப்பூதியார் நாடிற்றிலர். இறைவன் அருளிய பெயரையே நாடினார். குருதியுறவு சிறிதுமின்றி ஒரு வீடு முழுதும் ஒரு பெயரின்கீழ் நின்றது. நீர்வேட்கையுற்று வந்தார்க்கு அப்பெயர் தண்ணீராயிற்று.

ஒருவர் தாங்கும் பெயர் பிறர்க்கு நிழலாயின் அது பேறு. பிறரை விலக்கும் வேலியாயின் அது தளை. எப்பெயர் உடையோமாயினும், நம் பெயர் நமக்குப்பின் எதனை நினைப்பிக்கும் என்று ஒவ்வொருவரும் தம்முள்ளே வினவிக்கொள்வாமாக.