பர்சில்லாய் அறிந்த பசி



ஜூலை மாதத்தின் 4-வது ஞாயிறைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் ஏற்படுத்தினார். இதை ஒட்டியே இயேசுவின் தாத்தா பாட்டியான புனித சுவக்கின், அன்னாவின் விழா ஜூலை 26 அன்று வருகிறது. இந்த முதியோர் நாளில் சாமுவேல் இரண்டாம் நூலில் வரும் ஒரு முதியவரை நினைத்துப் பார்ப்போம்.

பெற்ற மகன் அப்சலோமே எதிரியாகிவிட, அரசர் தாவீது அரண்மனையை விட்டு ஓடி மகனயிமில் தங்குகிறார். கிலயாதைச் சேர்ந்த பர்சில்லாய், வேறு இருவரோடு அங்கே வருகிறார். படுக்கை, பாத்திரம், கோதுமை, பயறு, தேன், ஆடுகள் என எல்லாம் கொண்டுவருகிறார். அப்போது அவர் 80 வயதை எட்டியவர். பின்னர் அரசர் எருசலேமுக்கு அழைத்தபோது, தனக்குச் சாப்பாட்டின் ருசி தெரியவில்லை, பாடுகிறவர்களின் குரல் கேட்கவில்லை என்று சொல்லி, தனக்குப் பதிலாகக் கிம்காம் என்பவரை அனுப்பிவைக்கிறார். நாக்கும் காதும் தளர்ந்த அவர்தான் களைத்து வந்தவர்களின் பசியை அறிந்து ஓடிவந்தார்!

நல்ல உடல்நலத்தோடு முதுமை அடைகிறவர்களை ஆராய்ந்தவர்களும் ஏறக்குறைய இதையே சொல்கிறார்கள். ஒருவர் முகத்தில் தோன்றி மறையும் கோபம், பயம், வருத்தம் ஆகியவற்றைப் படம் பார்த்துச் சொல்வதில் முதியோர் இளையோரைவிடச் சற்றுப் பின்தங்குகிறார்கள். அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பதும் கொஞ்சம் கடினமாகிறது. ஆனால், பிறர் துன்பத்தில் மனம் உருகுவது அதே அளவில் குறைவதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சச்சரவுகளைப் பல பக்கமும் நின்று பார்ப்பதிலும் சமரச வழி தேடுவதிலும் 60 வயதைக் கடந்தவர்களே முன்னால் நின்றார்கள்.

நம் கும்மிடிப்பூண்டி வீடுகளுக்கு இது மிகவும் தேவையான செய்தி. சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் இறங்கி, வாடிய முகத்தோடு மகன் வீட்டுக்குள் நுழைகிறான். அம்மா கவனிக்காமல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார். "என் கஷ்டம் இவங்களுக்கு எங்க புரியப்போகுது?" என்று அவன் கதவைச் சாத்திக்கொள்கிறான். பிள்ளைகளே, அந்தத் தீர்ப்பு அநியாயமானது. முகக்குறிப்பு அவருக்குத் தப்பியிருக்கலாம். "வேலையில சண்டைம்மா, மனசு சரியில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு அவர் சொல்வதைக் கேளுங்கள். வீட்டில் பாகத் தகராறோ கணவன் மனைவி மனவருத்தமோ வந்தால், பெரியவர்களை ஓரத்தில் உட்காரவைத்துவிட்டுப் பேசாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தனை நாள் இரக்கத்தோடு இருந்தவர் திடீரென யாரைப் பற்றியும் கவலையற்றவராக மாறினால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முன்பின் தெரியாத குரலை எளிதில் நம்பிவிடும் பெரியவர்களும் உண்டு. பணம் கேட்டுப் போன் வந்தால், அவர்களைத் திட்டாமல் பக்கத்தில் நில்லுங்கள்.

திருப்பலி முடிந்ததும் முதியோருக்கு ஆசீர் வழங்குவோம். அது முடிந்த பிறகு இளையோரே, அவர்கள் முன் வந்து, உங்கள் நெற்றியில் சிலுவை அடையாளம் இடச் சொல்லிக் கேளுங்கள்.