தணியத் தெரிந்த மனம்

பொருளியல் படிக்க வரும் எவருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு வரி மனப்பாடமாகிவிடும். மனித விருப்பங்கள் எண்ணற்றவை. அவற்றை நிறைவேற்றும் வளங்களோ கிடைப்பருமை உடையவை. லயனல் ராபின்ஸ் 1932இல் தந்த இலக்கணத்தின் சாரம் அது. தேர்வில் எழுதுகிறோம், மதிப்பெண் வாங்குகிறோம், கடந்து போகிறோம். என் மனம் மட்டும் அந்த வரியின் முற்பாதியிலேயே நின்றுகொண்டிருக்கிறது. விருப்பங்கள் எண்ணற்றவைதாமா? இதற்கு நூலகம் போக வேண்டியதில்லை. சற்று நேரம் சும்மா அமர்ந்து, நம் மனத்தையே பார்த்தால் போதும்.

வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம். இரவு. கைபேசித் திரையில் ஒரு நீலச் சட்டை. பழைய விலையைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் புது விலை. சலுகை முடிய இன்னும் எத்தனை நிமிடம் என்று கீழே எண்கள் ஓடுகின்றன. நெஞ்சுக்குள் ஒரு சின்ன இழுப்பு. விரல் தானாக நகர்கிறது. விரலை நிறுத்திவிட்டு, அந்த இழுப்பை மட்டும் பார்ப்போம். அதை அடக்கவும் வேண்டாம், கடிந்துகொள்ளவும் வேண்டாம். எழுகிறது. ஓங்குகிறது. கொஞ்ச நேரம் தங்குகிறது. பிறகு தணிகிறது. தணிந்த இடத்தில் ஓர் அமைதி இருக்கிறது. அந்தச் சட்டையை அணிந்தால் கிடைக்கும் என்று எண்ணிய நிறைவு, வாங்காமலே அங்கே இருக்கிறது.

ஆசை எழுவது இயல்பு. அது தணிவதும் இயல்பு. தணிய நாம்தான் நேரம் கொடுப்பதில்லை.

எங்கள் பாடநூலுக்கும் இது தெரியும். குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று ஒன்று உண்டு. ஜெர்மானியரான கோசன் 1854இல் எழுதிவைத்தது. தாகத்தில் குடிக்கும் முதல் டம்ளர் தண்ணீர் அமுதம். இரண்டாவது இதம். மூன்றாவது பரவாயில்லை. நான்காவதைக் கை தானே விலக்கும். ஒன்றில் நிறைந்த மனம் இன்னொன்றுக்குத் தாவுமே என்று கேட்கலாம். தாவும்தான். தாவும் மனத்தையும் அதே பொறுமையோடு பார்க்கலாம். பார்க்கப் பார்க்க அதன் வேகம் குறையும்.

அந்த வரியின் பிற்பாதியான வளங்களைப் பேசும் நீடித்த வளர்ச்சி என்ற பாடம் எங்களுக்கு 1987இன் பிரண்ட்லாண்ட் அறிக்கையிலிருந்து தொடங்குகிறது. எனக்கு அது ஜே. சி. குமரப்பாவிடமிருந்து தொடங்குகிறது. தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் தணிக்கையாளராகத் தேர்ந்தவர், கடைசியில் காந்தியோடு கிராமத் தொழில்களுக்கே தம்மைக் கொடுத்தவர். ஜபல்பூர் சிறையில் அவர் எழுதிய ‘எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்’ நூலுக்கு காந்தி 1945இல் முன்னுரை தந்தார். நிலக்கரியும் பெட்ரோலும் எடுக்க எடுக்கத் தீரும் சேமிப்பு, மழையும் மரமும் மீண்டும் மீண்டும் வரும் ஓட்டம் என்று வளங்களை அதில் பிரித்துக் காட்டுகிறார். தேனீயையும் காட்டுகிறார். தேன் எடுக்க வந்த தேனீ, எடுக்கும்போதே மகரந்தத்தைச் சேர்த்துவிட்டுப் போகிறது. எடுப்பதும் கொடுப்பதும் அங்கே ஒரே செயல். பொருளியல் நூல் ஒன்று இவ்வளவு அமைதியாகப் பேசும் என்று அதைப் படிக்கும்வரை எனக்குத் தெரியாது.

அந்த நீலச் சட்டைக்குத் திரும்பாமல் இருக்க முடியவில்லை. நீலம் எங்கிருந்து வந்தது? திருப்பூரின் சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, அந்தக் கழிவு தேங்கும் இடமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. உழவர் நிலத்தை இழந்தார், தொழிலாளி வேலையை இழந்தார். பாடத்தில் இதற்குப் ‘புறவிளைவு’ என்று பெயர். ஆற்றங்கரையில் வாழ்பவருக்கு இதில் புறம் எது? நம் நெஞ்சில் எழுந்த இழுப்பும் அந்த ஆற்றின் நிறமும் ஒரே நூலின் இரு முனைகள். நூல் நம் கையிலும் இருக்கிறது.

ஆகவேதான் நீடித்த வளர்ச்சியைக் கடைசி அலகாக வைத்து, நேரம் இருந்தால் நடத்தும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. முதல் வாரத்தில், விருப்பங்களைப் பற்றிய அந்த முதல் வரியோடு சேர்த்தே அதை நடத்த வேண்டும். ஆசிரியர்களிடம் இது என் வேண்டுகோள். என்னோடு படிப்பவர்களிடம் ஒன்றே ஒன்று: இன்றிரவு எதையேனும் வாங்க விரல் நீண்டால், காலைவரை பொறுங்கள். காலையிலும் அது தேவை என்று பட்டால், தயங்காமல் வாங்குங்கள்.