கவி பாடாதவன்

ஊரோடு ஒட்டாத கற்பனையாளனைப் போற்றும் சித்திரக் கதைநூல்கள் பிள்ளைகளுக்கெனப் பல உள்ளன. 1967-இல் லியோ லியோன்னி எழுதிப் படமும் தீட்டிய ‘பிரெடரிக்’ அவற்றுள் பெயர் பெற்றது. மற்ற வயலெலிகள் குளிர்காலத்துக்குத் தானியம் சேர்க்க, பிரெடரிக் மட்டும் வெயிலையும் நிறங்களையும் சொற்களையும் சேர்க்கிறது. தானியம் தீர்ந்தபின் அச்சொற்களே மற்றவற்றுக்கு ஆறுதலாகின்றன. கவிஞன் என அதனைக் கொண்டாடுகின்றன.

அழகிய கதைதான். ஆயினும், அதற்குக் கவி வராதிருந்தால்? நான் உழைத்த ஆலையில், தறியருகே நின்று கூரையையே நோக்கும் தோழன் ஒருவன் இருந்தான். கவியும் பாடினானில்லை, சித்திரமும் எழுதினானில்லை. பித்தன் என்றோம். உணவு வேளையில் அவனருகே எவரும் அமர்வதில்லை, நானும் அமர்ந்ததில்லை. பிறப்பைக் காட்டி ஒதுக்கப்பட்ட நாம், திறமையின்மையைக் காட்டி ஒருவனை ஒதுக்குவது எந்த நீதி?

நம் ஐதராபாத்தின் அன்வேஷி பெண்கள் ஆய்வு மையம் உருவாக்கி, 2008-இல் வெளிவந்த சிறுவர் நூல் வரிசையில் ஜெயஸ்ரீ களத்தில் எழுதிய கதை ஒன்றுண்டு. ஊரார் பைத்தியம் என்று தள்ளிய, சாக்குடுத்த மனிதனிடம், வீட்டில் சாவு கண்ட சிறுமி நட்புக் கொள்கிறாள். பரிசு பெறத்தக்க திறமை கண்டு அவள் அவனிடம் சென்றாளில்லை.

பிரெடரிக்கின் கதையிலும் இது மறைந்துள்ளது. பனி விழுந்ததும் ஐந்து எலிகளும் ஒன்றாகவே கல்லிடுக்கில் புகுகின்றன. கவி பாடுமுன்னரே அதற்கும் அங்கே இடமிருந்தது. பிள்ளைகளுக்கு வாசிக்கையில் அப்பக்கத்தில் நான் சற்று நின்றுவிடுகிறேன்.