விலை கொடுத்தவர் வெட்டலாமா?

வடபிரான்சின் பொவே நகரப் பேராலயத்தில் குருவாகப் பணியாற்றிய ராபர்ட் தெ ஹாங்கெஸ்ட் 1356-இல் இறந்தார். தம்மிடமிருந்த திருப்பலிப் புத்தகம் ஒன்றை அவர் பேராலயத்துக்கே கொடுத்திருந்தார். ஆண்டுதோறும் தம் நினைவுநாளில் தமக்காக மன்றாட வேண்டும் என்பது அவர் விருப்பம். சொத்தைக் கொடுத்துவிட்டு ஜெபத்தைக் கேட்கும் இந்த ஏற்பாடு அந்தக் காலத்து ஐரோப்பாவில் சாதாரணம்.

1285-ஐ ஒட்டி எழுதப்பட்ட நூல் அது. பதப்படுத்திய விலங்குத் தோலில் லத்தீன் மன்றாட்டுகள், பாடலுக்கான இசைக்குறிகள், தங்க ரேக்கு ஒட்டிய முதலெழுத்துகள், அவற்றிலிருந்து ஓரம் வரை நீளும் கொடிகள் என்று ஒரு பட்டறையே உட்கார்ந்து செய்த வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது லியோன் நகரச் சேகரிப்பாளர் ஹென்றி ஓகஸ்ட் புரோல்மனிடம் இருந்தது. 1926-இல் லண்டன் சாதபீஸ் ஏலத்துக்கு வந்தபோது அதில் 309 தாள்கள் இருந்தன. வாங்கியவர் அமெரிக்கப் பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட்.

ஹெர்ஸ்டுக்குப் பண நெருக்கடி வந்ததும் அவர் குவித்து வைத்திருந்த கலைப்பொருள்கள் நியூயார்க்கின் கிம்பெல்ஸ் கடையில் விற்பனைக்கு வந்தன. சட்டையும் பாத்திரமும் விற்கும் பெரிய அங்காடி அது. 1942-இல் இந்த நூலை அங்கே வாங்கியவர் பழம்புத்தக வியாபாரி ஃபிலிப் டுஷ்னெஸ். அவர் தையலை அறுத்தார். தாள் தாளாக விற்கத் தொடங்கினார். கணிசமான தாள்கள் கிளீவ்லாந்தில் கலை கற்பித்துவந்த ஓட்டோ ஈகி என்பவரிடம் போயின.

இதில் திருட்டு இல்லை, ஏமாற்று இல்லை. 1926 முதல் நடந்த ஒவ்வொரு கைமாற்றத்திலும் பணம் முறையாகவே போயிருக்கிறது. சட்டம் குறுக்கே வரவில்லை. அப்படியானால் தவறு எங்கே? அல்லது, தவறே இல்லையா?

ஈகியின் பக்கத்தைக் கேட்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது. அவரும் நூல்களை வெட்டியவர்தான்; ஆனால் ரகசியமாக அல்ல. 1938-இல் ஒரு பத்திரிகையில் ‘நான் ஒரு நூலழிப்பவன்’ என்ற பொருளில் தலைப்பிட்டே கட்டுரை எழுதியவர். அவர் வாதம் எளியது. முழு நூலைப் பணக்காரர் ஒருவரோ பெரிய நூலகம் ஒன்றோதான் வாங்க முடியும். தாள் தாளாகப் பிரித்தால் சிற்றூர்க் கல்லூரிக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் இடைக்காலத்தின் ஒரு துண்டு கிடைக்கும். ஐம்பது கையெழுத்து நூல்களிலிருந்து ஒவ்வொரு தாள் எடுத்து, நாற்பது பெட்டிகளாகத் தொகுக்கும் திட்டம் அவருடையது. 1951-இல் அவர் இறந்த பிறகும் அந்தப் பெட்டிகள் விற்பனையாகின. அவற்றில் பதினைந்தாம் எண் தாள் பொவே நூலுடையது.

இந்த வாதத்துக்குக் காலம் ஒரு சாட்சியையும் அனுப்பியது. 2022-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், ஒரு வீட்டின் பழைய பொருள் விற்பனையில், சட்டமிட்ட தாள் ஒன்றை இளைஞர் ஒருவர் 75 டாலருக்கு வாங்கினார். பொவே நூலின் தாள் அது. கல்லூரியில் இடைக்காலக் கையெழுத்து நூல்கள் பற்றிய வகுப்பில் படித்திருந்ததால்தான் அவர் கண் அதில் நின்றது. அதே நூலின் இன்னொரு தாள் அவர் படித்த கல்லூரியிலேயே இருந்தது. சிதறடித்ததால்தானே அது அந்தச் சிற்றூர்க் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஈகியின் ஆதரவாளர் கேட்டால், சட்டென்று மறுக்க முடியாது.

எழுநூறு ஆண்டு பழைய தோலை மாணவர் ஒருவர் விரலால் தொட்டுப் பார்ப்பது சிறிய விஷயமல்ல. ஆனால் அந்த நன்மைக்கு நூலை அறுத்தே ஆகவேண்டுமா என்பதில்தான் வாதம் இடறுகிறது. கிளீவ்லாந்து நூலகத்தில் ஒரு முழு நூல் இருந்திருந்தால் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அதைப் புரட்டியிருப்பார்கள். தொலைவில் இருப்பவர்களுக்கு நிழற்படம் அன்றே இருந்தது. கலை கற்பித்தவருக்கு இது தெரியாமலா போயிருக்கும்?

வெட்டியதற்கு வியாபாரக் கணக்கும் உண்டு. சந்தையில் பூசணிக்காயைக் கூறு போட்டு விற்பவருக்கு அது தெரியும்: கூறுகளின் மொத்தம் முழுக்காயின் விலையைத் தாண்டும். கல்வி நோக்கமும் இந்தக் கணக்கும் ஒரே திசையில் இழுத்தபோது, எது முன்னே நடந்தது என்று இழுக்கப்பட்டவருக்கே தெரிந்திருக்காது. குறைபட்ட நூல்களைத்தான் பிரிக்கிறோம் என்பது இந்தத் தொழிலில் வழக்கமான சமாதானம். முந்நூறு தாளுக்கு மேல் கையில் இருந்த நூலுக்கு அது எப்படிப் பொருந்தும்?

ஈகி இந்த வரிசையில் முதலாமவரும் அல்லர். நெப்போலியனின் படை ரோமைப் பிடித்தபோது சிஸ்டைன் ஆலயத்திலிருந்து களவுபோன நூல்களின் ஓவியங்களை செலோட்டி என்ற பாதிரியார் 1825-இல் லண்டனில் ஏலம் விட்டார். அழகைப் பற்றி ஓயாமல் எழுதிய ஜான் ரஸ்கினோ, மாலைப்பொழுதை ஒரு திருப்பலிப் புத்தகத்தை வெட்டிக் கழித்ததாகவும் அது கடினமான வேலையாக இருந்ததாகவும் 1854 ஜனவரியில் நாட்குறிப்பில் எழுதினார். வருத்தப்பட்ட குரலே அதில் இல்லை. அவரும் நல்லெண்ணத்தோடுதான் தாள்களை நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் கொடுத்தார்.

உடைமையாளர்கள் ஜெபப் புத்தகங்களில் கை வைத்ததே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. புனித தாமஸ் பெக்கெட்டின் பெயரை எல்லா வழிபாட்டு நூல்களிலிருந்தும் நீக்கும்படி 1538-இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி ஆணையிட்டார். பலர் கத்தியால் சுரண்டினார்கள்; சிலர் அரசுக்குப் பயந்து மெல்லிய கோடு ஒன்றை மட்டும் இழுத்துவிட்டு, பெயர் தெரியும்படியே விட்டுவைத்தார்கள். ஹென்றியும் ஆன் போலினும் ஒரு ஜெபப் புத்தகத்தின் ஓரத்தில் காதல் குறிப்பு எழுதியதும் உண்டு. நூலுக்கு இவையெல்லாம் காயங்கள்தாம். ஆனால் கீறியவரும் கிறுக்கியவரும் அதை நூலாகவே வைத்துப் புரட்டினார்கள். அவர்கள் போட்ட கீறலே இன்று வரலாற்றுச் சான்று. கத்தரித்தவர் கையில் நூலின் கதை நின்றுபோகிறது.

எந்தத் திருநாள் எந்தத் திருநாளுக்கு அடுத்து வருகிறது, எந்த உள்ளூர்ப் புனிதருக்கு இடம் கிடைத்தது என்ற வரிசைதான் ஒரு வழிபாட்டு நூலின் ஊரைச் சொல்லும். தாள் மட்டும் கையில் இருப்பவருக்கு ஊர் இல்லை. தங்கம் இருக்கிறது, கொடி இருக்கிறது, அவ்வளவுதான். தம்மை மறக்க வேண்டாம் என்று ஹாங்கெஸ்ட் கொடுத்த நூல், பல வீட்டுச் சுவர்களில் அவர் பெயரே தெரியாத அலங்காரமாயிற்று.

ரெம்பிராண்ட் ஓவியத்தை விலைக்கு வாங்கியவர் அதைக் குறிபார்த்து எறியும் பலகையாக வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியை வைத்து அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் ஜோசப் சாக்ஸ் 1999-இல் ஒரு நூலே எழுதினார். சில பொருள்களின் உடைமையில் பொதுமக்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பது அவர் நிலை. அதை ஏற்கலாம். பணம் கொடுத்தவருக்கு வைத்துக்கொள்ளவும், விற்கவும், ஏன், யாருக்கும் காட்டாமல் பூட்டவும்கூட உரிமை இருக்கட்டும். பூட்டினால் அடுத்தவர் திறப்பார். வெட்டியதை அப்படித் திருத்த முடியாது. அந்த ஓர் உரிமை மட்டும் விலைச்சீட்டில் அடங்காது.

எஞ்சியிருப்பது இன்றைய வாங்குபவர் பற்றிய கேள்வி. தனித்தாள்கள் இணையச் சந்தையில் இன்றும் வருகின்றன. எண்பது ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த தாளை வாங்குவதில் பாவமில்லை. அனாதையான அதற்கு ஒரு முகவரி கிடைக்கிறது. இன்றைக்கு அறுத்த தாளை வாங்குவது கத்திக்குக் கூலி கொடுப்பது. எது பழையது, எது புதியது என்று விற்பவரிடம் கேட்க வேண்டும்; சொல்ல மறுத்தால் நகர்ந்துவிட வேண்டும். கல்வி நிலையங்களுக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

பொவே நூலை மறுபடி கோக்கும் வேலையை அமெரிக்க அறிஞர் லிசா ஃபேகின் டேவிஸ் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார். நூலகங்கள், அருங்காட்சியகங்கள், தனியார் வீடுகள் என்று சிதறிக் கிடக்கும் தாள்களின் படங்களைத் திரட்டி, பழைய வரிசையில் கணினித் திரையில் அடுக்குகிறார். நூற்றுக்கும் மேற்பட்ட தாள்கள் கிடைத்துவிட்டன. பெரும்பகுதி இன்னும் கிடைக்கவில்லை. அப்படி ஒரு தாள் யார் வீட்டுச் சுவரிலாவது தொங்கினால், சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்த தாளுக்கான வாக்கியம் அங்கேதான் பாதியில் நிற்கிறது.